அஞ்சு மாடி பிளாட்டா, பிபிஆரா, ரெசிடென்சி விலாயாவா? கோலாலம்பூர்ல வீடு தேடறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

வீடு பாக்கப் போறவங்க முதல்ல கேக்கறது ரெண்டே கேள்வி, எத்தன ஸ்கொயர்ஃபீட், மாசம் எவ்ளோ கட்டணும். ரெண்டும் முக்கியம்தான். ஆனா கோலாலம்பூர்ல மலிவு விலை வீட்டுல புள்ளைங்கள வளத்து, வயசான அம்மா அப்பாவ வச்சுப் பாத்து குடும்பம் நடத்தப் போறவங்க மூணாவதா ஒண்ணு கேட்டே ஆகணும்: நம்ம மாடியில எத்தன கதவு, ஒரு லிப்ட எத்தன குடும்பம் பங்கு போட்டுக்குது. அரசாங்கம் பிளாட் கட்ட ஆரம்பிச்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இத்தன வருஷத்துல கதவுக்கு உள்ள எல்லாம் நல்லா ஆயிட்டே வந்துருக்கு, ரூம் கூடுச்சு, பாத்ரூம் கூடுச்சு. கதவுக்கு வெளிய மோசமாயிட்டே போகுது. நான் சொல்ல வர்றது இதான், இத மனசுல வச்சுக்கிட்டுதான் பழைய அஞ்சு மாடி பிளாட், பிபிஆர்ங்கற அரசாங்க மக்கள் வீட்டுத் திட்டம், ரெசிடென்சி விலாயாங்கற மலிவு விலை சொந்த வீடு, இந்த மூணு வகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப் போறேன்.

மூணுக்கும் முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அத சொல்லாம தாண்ட முடியாது. ஜாலான் பெக்கெலிலிங்ல இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் பிளாட், நம்மாளுங்க வாயில பெக்கெலிலிங் பிளாட். 1960-கள் நடுவுல கட்டுனது, 17 மாடி பிளாக்குங்க, கூட நாலு மாடி பிளாக்குங்க, மொத்தம் கிட்டத்தட்ட 3,000 வீடு. டென்மார்க் கம்பெனியோட முறையில சுவரு, தளம் எல்லாத்தையும் அச்சுல வார்த்து கொண்டாந்து அடுக்குனாங்க, மலேசியாவுல அப்படி கட்டுன முதல் பெரிய திட்டம் அது. ரெண்டாவது பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கம் ரைபிள் ரேஞ்ச் பிளாட், அது பிரெஞ்சு முறை, 17, 18 மாடியில 9 பிளாக், 3,699 வீடு. வேகமா கட்டலாம், செலவு குறையும்னு நம்பிதான் செஞ்சாங்க, கடைசியில பெக்கெலிலிங்ல வழக்கமான முறைய விட 8.1 சதவீதம் செலவு கூடிப் போச்சு, ரைபிள் ரேஞ்ச்ல 2.6 சதவீதம்தான் மிச்சமாச்சு. வீடுங்க பெரும்பாலும் ரொம்ப சின்னது, சுவரே பாரத்த தாங்கற மாதிரி கட்டுனதால நெனச்ச இடத்துல இடிச்சு பெருசாக்கவும் முடியாது. ரைபிள் ரேஞ்ச்ல இன்னும் ஜனங்க இருக்காங்க. பெக்கெலிலிங்க இடிச்சாச்சு.

இப்ப கையில கிடைக்கற மூணுக்கு வருவோம்.

முதல்ல அஞ்சு மாடி பிளாட். செந்தூல், ஜிஞ்சாங், செராஸ், பழைய கிள்ளான் ரோடு, எங்க போனாலும் கண்ணுல படும், லிப்ட் கிடையாது, படிதான். லிப்ட் வைக்காம எவ்ளோ உயரம் கட்டலாமோ அவ்ளோ கட்டி நிறுத்துனதுதான் இந்த அஞ்சு மாடி. 1982-ல மலிவு விலை வீட்டோட விலை 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போகக்கூடாதுன்னு வச்சாங்க, குடும்ப வருமானம் 750 வெள்ளிக்குள்ள இருக்கறவங்களுக்கு. அந்த விலைக்கு கட்டுனது பெரும்பாலும் ரெண்டு ரூம், 550, 600 ஸ்கொயர்ஃபீட். பெரியவங்க ரெண்டு பேரு, பொம்பள புள்ள ஒண்ணு, ஆம்பள புள்ள ஒண்ணுன்னு இருந்தா பையன் ஹால்லதான் படுக்கணும், எத்தனையோ தமிழ்க் குடும்பத்துல பையன் கல்யாணம் ஆகற வரைக்கும் ஹால்ல பாய் போட்டுத்தான் வளந்துருப்பான்.

ஆனா இதுல ரெண்டு வகை இருக்கு, பாத்து வாங்கணும். ஒண்ணு நீளமா காரிடார் வச்சு வரிசையா கதவு வச்சது. இன்னொண்ணு ஒரு படிக்கட்டுக்கு ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு கதவோ நாலு கதவோ மட்டும் வச்சது. இந்த ரெண்டாவது வகைக்குதான் என் ஓட்டு, அத நான் எங்க வேணாலும் அடிச்சு சொல்லுவேன். முன்வாசல்ல நின்னா பின்னாடி சமையல்கட்டு ஜன்னல் தெரியும், காத்து நேரா உள்ள வந்து வெளிய போகும், மீன் பொரிச்சாலும் வத்தக் குழம்பு தாளிச்சாலும் அரை மணி நேரத்துல வாசம் போயிரும். வாசப்படிக்கு வெளிய ஒரு சின்ன இடம், அங்க செருப்பு ஸ்டாண்டு, ஒரு துளசி தொட்டி, வெள்ளிக்கிழமை காலையில சின்னதா ஒரு கோலம், எதுத்த வீட்டு ஆயா கோலத்த மிதிக்காம சுத்தி போவாங்க. படிக்கட்டுல ஏறி வர்றது யாருன்னு காலடி சத்தத்துலயே சொல்லிரலாம், மொத்தமே பத்தோ இருபதோ குடும்பந்தான அந்த படிக்கட்ட பொழங்குது. புதுசா ஒரு ஆளு ஏறுனா யாருப்பா வேணும்னு ஒருத்தராவது கேப்பாங்க, காவலாளி இல்லாமலே பாதுகாப்பு.

குறையும் இருக்கு, மறைக்க வேணாம். கேஸ் தோம்பு (சிலிண்டர்) அஞ்சாவது மாடிக்கு ஏத்தணும்னா கொண்டு வர்ற தம்பிக்கு கூட காசு குடுக்கணும். முட்டி வலி வந்த அம்மாவுக்கு அந்த படிதான் சிறை, கோயிலுக்குக் கூட மாசத்துக்கு ஒரு தடவ இறங்குனா பெருசு. மேல் மாடியில கூரை சூடு, தண்ணி டேங்கி ஒழுகுனா முதல்ல நனையறது அஞ்சாவது மாடி வீட்டு சீலிங்தான், அதனாலதான் அஞ்சாவது மாடி விலை கம்மியா வரும், ஏமாந்துராதீங்க. பெரிய குறை என்னன்னா நிர்வாகம். நிறைய இடத்துல மெயின்டனன்ஸ் யாரும் ஒழுங்கா கட்டறது இல்ல, பெரிய ரிப்பேருக்குன்னு சேத்து வைக்கற சிங்கிங் ஃபண்டுல காசே இருக்காது, படிக்கட்டு லைட் எரியலன்னா யாராவது சொந்தக் காசுல மாத்துனாதான் உண்டு.

ரெண்டாவது பிபிஆர். 1998-ல புறம்போக்கு நிலத்து கம்பங்கள்ல (குடிசைப் பகுதி) இருந்தவங்களுக்கு வீடு குடுக்கணும்னு தீர்மானிச்சு ஆரம்பிச்ச திட்டம். எஸ்டேட் வித்து போனதும் வேல தேடி கோலாலம்பூர் வந்து ஆத்தோரத்துலயும் ரயில் ரோட்டோரத்துலயும் பலகை வீடு போட்ட நம்ம ஜனங்கள்ல நிறைய பேரு, நடுவுல ரூமா பஞ்சாங்ங்கற தற்காலிக நீள வீட்டுல வருஷக்கணக்கா காத்திருந்துட்டு, கடைசியில வந்து சேந்தது இங்கதான். அதே 1998-ல மலிவு விலை அடுக்குமாடி வீடு 63 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, மூணு ரூம் இருக்கணும்னு தரம் வச்சாங்க. பிபிஆர் வீடு 700 ஸ்கொயர்ஃபீட், மூணு ரூம், குளிக்கற ரூம் தனி, கழிவறை தனி, துணி காயப்போட பின்னாடி ஒரு இடம். வாடகை மாசம் 124 வெள்ளி.

அந்த மூணாவது ரூம சாதாரணமா நெனக்காதீங்க. அளவு சின்னதுதான், ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டா முடிஞ்சுரும், ஆனா அதுலதான் பொம்பள புள்ள கதவ சாத்திட்டு எஸ்பிஎம் பரீட்சைக்கு படிக்க முடியும். காலையில ஆறு மணிக்கு ஸ்கூலுக்கும் வேலைக்கும் கெளம்பற வீட்டுல குளிக்கறதும் கழிவறையும் தனித்தனியா இருக்கறது எவ்ளோ பெரிய உதவின்னு அஞ்சு பேரு இருக்கற குடும்பத்த கேளுங்க, சொல்லுவாங்க. உள் பிளான மட்டும் பாத்தா 124 வெள்ளிக்கு இத விட நல்ல வீடு இந்த ஊருல கிடையாது, இத வரஞ்சு குடுத்தவங்கள மனசார பாராட்டணும்.

கதவ தொறந்து வெளிய வந்தாதான் பிரச்சன. கோலாலம்பூர்ல இருக்கற உயரமான பிபிஆர் பிளாக் ஒண்ணுல வழக்கமா 316 வீடு. வீட்டுக்கு அஞ்சு பேருன்னு வச்சா ஒரே பிளாக்குல ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல, அத்தன பேரும் காலையில ஒரே நேரத்துல ஒரே லிப்டுங்களுக்கு முன்னாடி நிக்கணும். ஒரு லிப்ட் கெட்டுப் போச்சுன்னா யூனிபார்ம் போட்ட புள்ளைங்க பதிமூணு மாடி படியில இறங்கி ஓடும், சாயங்காலம் டயாலிசிஸ் முடிச்சு வர்ற பெரியவரு கீழ பிளாஸ்டிக் நாற்காலியில காத்துக்கிட்டு உக்காந்துருப்பாரு. ஒரு மாடிக்கு சுமார் இருபது கதவு, நீளமான காரிடார், எதுத்தாப்புல இன்னொரு வரிசை, நடுவுல காத்துக்குன்னு விட்ட ஓட்டை. அதுல ஒரு வீட்டு சண்ட பத்து வீட்டுக்கு கேக்கும். இருபது கதவுல யாரு எந்த வீட்டு ஆளுன்னு தெரியாது, தெரியாத எடத்துல குப்பைய யாரு போட்டான்னும் தெரியாது. 2018 ஜனவரியில பந்தாய் டாலாம் பக்கம் ஸ்ரீ பந்தாய் பிபிஆர்ல மேல இருந்து எவனோ தூக்கிப் போட்ட நாற்காலி தலையில விழுந்து நம்ம 15 வயசு தமிழ்ப் பையன் ஒருத்தன் அம்மா கண்ணு முன்னாடி செத்துப் போனான். வளர்ப்பு சரியில்ல, புத்தி இல்லன்னு நிறைய பேரு பேசுனாங்க. அத்தன குடும்பத்த ஒரே தூணா அடுக்கி வச்சு, குப்ப போடவும் பழைய சாமான் எறக்கவும் சரியான வழி வைக்காத கட்டடத்த பத்தி பேசுனவங்க கொஞ்சம்தான், அந்த கோவம் எனக்கு இன்னும் ஆறல.

பிபிஆருக்கு ஒரு பெரிய நல்லதும் கதவுக்கு வெளியதான் இருக்கு, அது கீழ்மாடி. அங்க டேவான் (பொது மண்டபம்) இருக்கு, தடிக்கா (பாலர் பள்ளி) இருக்கு, ஒட்டுக்கடை இருக்கு. காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம் எல்லாம் டேவான்லயே முடிச்சிரலாம். சாவு விழுந்தா இன்னும் முக்கியம். பதிமூணாவது மாடி வீட்டுல பெட்டிய வைக்கவும் முடியாது, லிப்டுல படுக்க வச்சு கொண்டு வர்றதும் பெரிய பாடு, கீழ கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, மேளம் வச்சு முறையா அனுப்ப ஒரு எடம் இருக்கே, அதுக்காகவே அங்க இருந்து போக மாட்டேன்னு சொல்ற பெரியவங்க இருக்காங்க.

மூணாவது ரெசிடென்சி விலாயா. 2013-ல ருமாவிப்னு ஆரம்பிச்சது, பின்னால பேரு மாத்துனாங்க. கூட்டரசுப் பிரதேசத்துல இருக்கறவங்களுக்கு, உச்ச விலை 300,000 வெள்ளி, குறைஞ்சது 800 ஸ்கொயர்ஃபீட். மூணு ரூம், ரெண்டு பாத்ரூம், கார் பார்க், காவலாளி சாவடி, அக்சஸ் கார்ட தட்டுனாதான் லிப்டே நகரும். பாக்க கொண்டோதான். நம்ம பசங்க, டிகிரி முடிச்சு வேலைக்கு சேந்தவங்க, லோன் கிடைச்சா இதத்தான் பிடிக்கறாங்க, அதுல தப்பே இல்ல, தோட்டத்து லயத்துல பொறந்த தாத்தாவோட பேரன் சொந்தப் பேருல கோலாலம்பூர்ல வீடு வாங்கறது சின்ன விஷயமா.

கணக்க மட்டும் சரியா போடுங்க. மெயின்டனன்ஸ் ஸ்கொயர்ஃபீட்டுக்கு 30 சென்னுன்னு வைங்க, 800 ஸ்கொயர்ஃபீட்டுக்கு 240 வெள்ளி, அதுக்கு மேல சட்டப்படி பத்து சதவீதம் சிங்கிங் ஃபண்டு 24, ஆக 264. பிபிஆர் வாடகைய விட ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் பேங்கு லோன் தவணைய தொடாம. விக்கவும் பத்து வருஷம் காத்திருக்கணும். அப்பறம் காரிடார். நிறைய கட்டடத்துல காரிடார் உள்பக்கம் போயிருச்சு, ரெண்டு பக்கமும் கதவு, பகல்லயும் லைட் போட்டாதான் வெளிச்சம், வாசக்கதவ தொறந்து வச்சாலும் காத்து வராது, அதனால யாரும் தொறக்கறதும் இல்ல. வாசல்ல செருப்பு வச்சா நோட்டீஸ் வரும், சாம்பிராணி போட்டா புகை போக வழியில்லாம காரிடார் பூரா நிக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க புகார் குடுப்பாங்க. தீபாவளிக்கு முறுக்கு சுட்டா பக்கத்து கதவுக்கு ஒரு தட்டு குடுக்கலாம்னு பெல் அடிச்சா அது ஏர்பிஎன்பில நாள் வாடகைக்கு விட்ட வீடா இருக்கும்.

சாமி மேடைக்கும் வருவோம், நம்ம வீட்டுல அது பெரிய விஷயம். அஞ்சு மாடி பிளாட்டுல ஹால் சுவத்துல ஒரு பலகை அடிச்சு வைப்போம், தெச சரியா அமையறது அதிர்ஷ்டம். பிபிஆர்லயும் ஹால்தான், ஆனா சின்ன ரூம சாமி ரூமாக்கிட்டு புள்ளைங்கள ஹால்ல படுக்க வைக்கற வீடும் உண்டு, அத மட்டும் செய்யாதீங்க, சாமி கோவிச்சுக்காது. ரெசிடென்சி விலாயாவுல எடம் தாராளம், ஆனா கழிவறை சுவத்துக்கு மறுபக்கம் மேடை வராம பாத்துக்கணும், ரெண்டு பாத்ரூம் வந்ததுல அந்த சிக்கல் கூடிப் போச்சு.

யாரு எத எடுக்கணும்னு என்ன கேட்டா, வருமானம் குறைவு, புள்ளைங்க படிக்குதுன்னா யோசிக்காம பிபிஆருக்கு மனு போடுங்க, குடுக்கும்போது கீழ் மாடியா கேளுங்க, வீட்டுல முடியாதவங்க இருந்தா டாக்டர் கடிதம் வச்சு கேளுங்க. ரெண்டு பேரும் வேல பாக்கறீங்க, கார் இருக்கு, பத்து வருஷம் நகரப் போறது இல்லன்னா ரெசிடென்சி விலாயா, ஆனா ஷோரூம் வீட்ட பாத்து கையெழுத்து போடாம அதே டெவலப்பர் ஏற்கனவே கட்டி முடிச்ச எடத்துக்குப் போய் சாயங்காலம் ஏழு மணிக்கு லிப்ட் முன்னாடி நின்னு பாருங்க. கையில கொஞ்சம் காசு இருக்கு, முட்டி நல்லா இருக்கு, பெரிய கடன் வேணாம்னா, ஒரு படிக்கட்டுக்கு நாலு கதவுக்குள்ள இருக்கற அஞ்சு மாடி பிளாட்டுல ரெண்டாவது மாடியோ மூணாவது மாடியோ. என் தங்கச்சி கேட்டா இதத்தான் சொல்லுவேன்.

பழைய பிளாட் வாங்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும், இடிச்சு கட்டற பேச்சு. சுங்கை பீசி பக்கம் 1960-கள்ல கட்டுன ரசாக் மென்ஷன், நாலு மாடியில 658 வீடு, அந்த ஜனங்கள பக்கத்துலயே கட்டுன உயரமான புது டவருக்கு மாத்துனாங்க, பழசுக்கு பதிலா புதுசு, வீடு பெருசாச்சு. 2025 ஆகஸ்ட்ல நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதாவ பார்லிமெண்ட்ல வச்சாங்க, அதுல 30 வருஷத்துக்கு மேலான கட்டடத்துக்கு 75 சதவீத உரிமையாளர் சம்மதிச்சா போதும்னு இருந்துச்சு, அதுக்கு பெரிய எதிர்ப்பும் கெளம்புச்சு. சட்டம் எந்தப் பக்கம் போனாலும் பேசற உரிமை கிராண்ட்ல (வீட்டுப் பட்டா) பேரு இருக்கறவங்களுக்குத்தான். அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ராட்டா கிராண்ட், அதாவது அந்த ஒரு வீட்டுக்கான பட்டா, தனியா வந்துருச்சா, விக்கறவரு பேருலதான் இருக்கா, இல்ல இன்னும் டெவலப்பர் பேருல கெடக்கா, பழைய மெயின்டனன்ஸ் பாக்கி எவ்ளோ, இத வக்கீல வச்சு எழுத்துல வாங்குங்க. அப்பா பேருலயே விட்டுட்டு அவரு போய்ச் சேந்த அப்பறம் அண்ணன் தம்பி பேசிக்காம கெடக்கற வீடுங்க நம்மளுக்குள்ள ஏகப்பட்டது இருக்கு, அப்படி ஒண்ணு உங்க வீட்டுல இருந்தா புது வீடு தேடறதுக்கு முன்னாடி அத பேரு மாத்துங்க.