எடை குறைப்பு சென்டருக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்: நாற்பது தாண்டிய பெண்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு முன்னறையில் காலை 6 மணிக்கெல்லாம் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். ஆளுக்கொரு டம்ளர் ஷேக் (சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் புரதப் பொடிக் கரைசல்), அப்புறம் ஒரு கப் மூலிகை டீ. சுவர் நிறைய 'முன்', 'பின்' போட்டோக்கள். போன ஆனி மாதம் நானும் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு 21,400 ரூபாய் கட்டினேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மதினியையும் நானே கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டேன். ஒரு ராத்திரி அவர் எங்கள் கையை விட்டுப் போயிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வருடமாகவே மாதவிலக்கு முன்னே பின்னே ஆகிவிட்டது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே இடுப்பும் வயிறும் பெருத்தன. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலித்தது. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்பார்கள். எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அந்த நேரத்தைத் தரத் தயாராக ஒருத்தி நாலு தெரு தள்ளி இருந்தாள்.

அவளைக் 'கோச்' என்பார்கள். முப்பது வயதிருக்கும், வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவாள். முதல் நாள் சாயங்காலம் பள்ளி விட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, புடவையோடு போனேன். கையில் பிடிக்கவும் கால் வைக்கவும் உலோகத் தகடுகள் உள்ள ஒரு எடை மெஷினில் ஏற்றினாள். அது கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எவ்வளவு என்று வரிசையாக எண்களைக் காட்டியது. கடைசியாக 'உடல் வயது' என்று ஒன்று. அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்கு வயசு 47தான். ஆனா உங்க உடம்புக்கு 61 ஆயிட்டு" என்றாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்கத் தோன்றவில்லை. ஒரு மஞ்சள் கார்டு மட்டும் கொடுத்தாள், எடை எழுதுவதற்கு.

அந்தக் கார்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: மாலை 5.40, 78 கிலோ. மூன்றாம் நாள்: காலை 6.10, 76.4 கிலோ. மூன்றே நாளில் 1.6 கிலோ குறைந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு யாரும் கைதட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கண் கலங்கிப்போனேன். முதல் எடை சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, புடவையோடு சாயங்காலம் எடுத்தது, அடுத்தது காலையில் வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்து, நைட்டியோடு எடுத்தது என்பது அப்போது மூளையில் ஏறவே இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். பிற்பாடு என்னோடு சேர்ந்த மூன்று பேரின் கார்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் முதல் எடை சாயங்காலம், மற்றதெல்லாம் காலை.

அந்த மெஷின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உடம்புக்குள் லேசான மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும். 'உடல் வயது' என்பது மெஷின் தயாரித்தவர் போட்ட ஒரு சூத்திரம். அந்த எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஐந்து வாரத்தில் 71.6 கிலோவுக்கு வந்தேன். ரவிக்கை தளர்ந்தது. பள்ளியில் எல்லாரும் கேட்டார்கள், நானும் பெருமையாகச் சொன்னேன். ஆனால் காலையும் இரவும் குடித்த டீயால் நாலைந்து தடவை வயிற்றால் போனது. "நச்சு வெளியேறுது அக்கா, நல்லதுதான்" என்றாள் கோச். பீரியடுக்கு நடுவில் வகுப்பை லீடரிடம் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அப்புறம் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, சாக்பீஸோடு மேசையைப் பிடித்தபடி சரிந்தேன். பிள்ளைகள்தான் ஓடிவந்து தாங்கினார்கள்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். தைராய்டு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் என்ற அளவு 3.1இலிருந்து 9.6க்கு ஏறியிருந்தது. மருத்துவர் அம்மா, "என்னென்ன சாப்பிடுறீங்களோ எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றார். டீ பாக்கெட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார்: சென்னா.

சென்னா என்றால் நிலாவாரை. எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் அவுரி என்றும் சொல்வார்கள். நான் சாத்தான்குளம் பக்கம் பிறந்தவள். எங்கள் அப்பா மானாவாரி நிலத்தில் அதைப் போட்டிருக்கிறார். பறித்த இலையைக் காயப்போட்டுக் கிளறிவிடுவது சின்ன வயதில் என் வேலை. உலகச் சந்தையிலேயே அதற்கு எங்கள் திருநெல்வேலிப் பெயர்தான், 'டின்னவெல்லி சென்னா'. பிள்ளைகளுக்கு மலம் கட்டிக்கொண்டால் ஆச்சி அதில் ஒரு சிட்டிகை கொதிக்கவைத்து ஒரே ஒரு வேளை கொடுப்பாள். மறுநாள் கேட்டால் திட்டுவாள், "குடல் பழகிரும்ட்டி" என்பாள். அந்த இலையைத்தான் 50 கிராம் 1,150 ரூபாய்க்கு வாங்கி, தினமும் இரண்டு வேளை ஐந்து வாரம் குடித்திருக்கிறேன்.

மருத்துவர் விளக்கினார். சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வது அதற்கும் கீழே, பெருங்குடலில். ஆகவே கொழுப்பு அப்படியேதான் இருக்கும். வெளியே போவது தண்ணீரும் அதோடு பொட்டாசியம் போன்ற உப்புகளும். கால் இழுத்ததும் நெஞ்சு படபடத்ததும் அதனால்தான். குறைந்த மிச்ச எடையில் ஒரு பங்கு தசை. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் மட்டும் குடித்தால் உடம்பு தசையையும் கரைத்துத் தின்னும். நாற்பதுக்கு மேல் நமக்குத் தசை தானாகவே குறைந்துவருகிறது. அதையும் பணம் கொடுத்துக் கரைத்தால் முழங்காலை எது தாங்கும்?

தைராய்டு கதை தனி. காலை 5.45க்கு மாத்திரை, 6.10க்கு சோயாவும் கால்சியமும் சேர்த்த ஷேக். சோயாவும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேருவதைக் கெடுக்கும், கால்சியமும் கெடுக்கும். கால்சியத்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். நான் மாத்திரை போடுவதை முதல் நாளே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். "மூணு மாசத்துல மாத்திரையே தேவைப்படாது அக்கா" என்று சொன்னாள். நல்லவேளை, நான் மாத்திரையை நிறுத்தவில்லை.

இனி மதினி. அவருக்கு 52 வயது, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். என் எடை குறைந்ததைப் பார்த்துத்தான் வந்தார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி ஷேக் குடிக்கச் சொன்னாள் அந்தப் பெண். சர்க்கரை மாத்திரை போடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு அண்ணன் போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மதினியின் சேலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறியது, என்னை அடையாளம் தெரியவில்லை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 48தான், ரொம்பக் குறைவு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றுக்குச் சோறு வந்ததா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்கவைக்கும். மறுநாள் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். "உடம்பு அட்ஜஸ்ட் ஆகுது, பயப்படாதீங்க" என்று ஒரு பதில் வந்தது. பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

இன்னொன்றும் கேளுங்கள். இரண்டாவது மாதம், "எடை இறங்காம நிக்குதுல்லா, இதைப் போடுங்க" என்று லேபிள் இல்லாத பிளாஸ்டிக் கவரில் காப்ஸ்யூல் கொடுத்தாள் அந்தக் கோச். மூலிகை என்றாள். நான் விழுங்கவில்லை. மூலிகை என்று விற்ற எடை குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமைன் என்ற மருந்தைக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2011இல் இந்தியாவிலேயே தடை செய்த மருந்து அது. பெயரில்லாத காப்ஸ்யூலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டப்பாவில் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருக்கிறதே, அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறதே என்று காட்டுவார்கள். நானும் அதை நம்பினேன். அந்த 14 இலக்க எண் உணவுப்பொருள் தயாரிக்க, விற்க வாங்கிய உரிமம்தான். இதைக் குடித்தால் எடை குறையும் என்று அரசாங்கம் சான்று கொடுத்ததாக அதற்கு அர்த்தமில்லை. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

பணத்தைக் கேட்டதற்கு, டப்பாவைத் திறந்துவிட்டதால் தர முடியாது என்றாள். வேண்டுமானால் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், கமிஷன் வரும் என்றாள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பில் கேட்டார்கள். ஜிபே ரசீதும் மஞ்சள் கார்டும்தான் இருந்தன, அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்குத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

டீயை நிறுத்திய பத்து நாளில் 4 கிலோ திரும்பி வந்துவிட்டது. இப்போது சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் மதினியும் நானும் நடக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருகிறோம், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறோம். தசைக்கு இதுதான் மருந்து என்று மருத்துவர் சொன்னார். அந்த ஷேக் ஒரு வேளைக்கு 75 ரூபாய், அதில் புரதம் 9 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது. முட்டை, சுண்டல், மீன் என்று சாப்பிடுகிறோம், சோற்றைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம். ஐந்து மாதத்தில் மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. மாடிப்படியில் முழங்கால் வலி விட்டுவிட்டது.

மிச்சமிருந்த டீ பாக்கெட்டையும் அந்தக் காப்ஸ்யூல் கவரையும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இதே போன்ற பாக்கெட் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாக்கெட்டோடு நீங்களும் போய்க் கொடுங்கள்.