வேது (ஆவி) பிடிப்பதா, சொட்டு மருந்தா, உப்புநீரா? மூக்கடைப்புக்கு எது கைகொடுக்கும்

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். பாளையங்கோட்டையில் எங்களுக்குக் காற்றும் புழுதியும்தான். மழையை மலை வாங்கிக்கொள்ள, காய்ந்த காற்று மட்டும் கிழக்கே இறங்கி வரும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் வீட்டில் யாருக்காவது தடுமன் (ஜலதோஷம்) பிடித்திருக்கும். ஆச்சி வேது பிடிக்கச் சொல்வாள், அப்பா மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி வருவார், அத்தை செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை நீட்டுவாள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதற்கு நான் வந்து சேர்ந்தது கடைசியில்தான்.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூக்கடைப்பு என்றால் சளி கட்டிக்கொண்டது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அடைப்பது வீக்கம். மூக்கின் பக்கச் சுவர்களில் உள்ள சதை மடிப்புகளில் இரத்தம் கூடி அவை உப்பிவிடும். எவ்வளவு சீந்தினாலும் திறக்காத காரணம் அதுதான். ‘மூக்குல சதை வளந்திருக்கு’ என்று பயப்படுகிறவர்களில் பலருக்கும் இருப்பது இந்த வீக்கமே. நல்ல மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக அடைத்து மறுபக்கம் திறக்கும். அது நோயில்லை.

முதலில் வேது. ஆவி பிடிப்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். வாய்க்கால் கரையில் ஒடித்து வந்த நொச்சிக் குழையைக் கொதிக்கும் சட்டியில் போட்டு, ஆச்சி போர்வையை இழுத்து மூடுவாள். உள்ளே அந்தக் கசந்த வாசமும் முகத்தில் வழியும் வியர்வையுமாக, பத்து நிமிடத்தில் தலை பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். அந்தச் சுகம் பொய்யில்லை. சூடும் ஈரமும் சளியை இளக்குகின்றன. ஆனால் அரை மணி, ஒரு மணி கழித்து மூக்கு பழையபடி அடைத்துக்கொள்ளும். வேது பிடித்ததால் தடுமன் சீக்கிரம் போகும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. என் பெரிய பயம் சட்டிதான். தரையில் வைத்த கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகளின் தொடை வெந்துபோவது அடிக்கடி நடக்கிற விபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு வேது வேண்டவே வேண்டாம். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுப்பதையும் நான் விட்டுவிட்டேன். வீங்கிய மூக்குக்குப் புகை இன்னும் எரிச்சல்தான், இளைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

வேகத்தில் சொட்டு மருந்தை எதுவும் மிஞ்சாது. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் என்று சீசாவில் போட்டிருக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஐந்து பத்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நிம்மதிதான் என்னைப் பிடித்துவைத்தது. மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளோடு நிறுத்த வேண்டியதை ஏழு மாதம் விட்டுக்கொண்டிருந்தேன். மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், மறுபடி சொட்டு. தலையணைக்கு அடியில் சீசா இல்லாவிட்டால் தூக்கம் வராது. மருந்தே அடைப்பை உண்டாக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மீள டாக்டர் சொன்ன வழி, முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்துவது, கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இரண்டு வாரம் பாடுதான் பட்டேன். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

செட்ரிசின் தும்மலுக்கும் அரிப்புக்கும் ஒழுகலுக்கும் நல்லது. அடைப்புக்கு அவ்வளவாக உதவாது. தூக்கம் தரும், போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள்.

இனி உப்புநீர். கால் லிட்டர் தண்ணீர், தலை தட்டிய அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. வாஷ்பேசினில் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி மேல் துவாரத்தில் மெல்லப் பீய்ச்ச வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சே போதும். முதல் தடவை குளத்தில் மூழ்கி எழுந்த மாதிரி மூக்கு திணறும். மூன்றாம் நாள் பழகிவிடும். புழுதி, சளி, ஒவ்வாமைத் தூள் எல்லாம் மறு துவாரம் வழியே வழிந்து வந்துவிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு: தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். ‘தாமிரபரணித் தண்ணிதான, குடிக்கோம்லா’ என்பாள் ஆச்சி. குடித்தால் வயிற்றின் அமிலம் பார்த்துக்கொள்ளும், மூக்கில் அந்தக் காவல் இல்லை. நன்னீரில் வாழும் ஒரு அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைக் குடித்ததை 2024-இல் பக்கத்துக் கேரளத்தில் பார்த்தோம். அபூர்வம்தான், ஆனாலும் கொதிக்கவைப்பதைத் தவிர்க்காதீர்கள்.

ஒவ்வாமையால் மாதக்கணக்கில் அடைப்பு என்றால் உப்புநீரோடு ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் என் தேர்வு. ஸ்டீராய்டு என்ற பேரே பயமுறுத்துகிறது. ஆனால் ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் ஸ்ப்ரேக்கள் உடம்புக்குள் மிகக் கொஞ்சமே சேர்கின்றன. ‘இரண்டு நாள் அடிச்சேன், கேக்கல’ என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். வலக்கையால் இடத் துவாரத்துக்கும் இடக்கையால் வலத் துவாரத்துக்கும், நடுத்தண்டில் படாமல் காதைப் பார்த்து அடித்தால் மூக்கில் இரத்தம் வருவது குறையும்.

சித்த மருத்துவத்தில் இந்த மூக்குத் தொல்லையைப் பீனிசம் என்பார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் போய்க் காட்டுவது ஒரு வழி. தெரிந்தவர் சொன்னார் என்று பச்சிலைச் சாற்றை மூக்கில் ஊற்றிக்கொள்வது வேறு, அதைச் செய்யாதீர்கள். ஆன்டிபயாட்டிக் சாதாரணத் தடுமனுக்கு வீண். பத்து நாளுக்கு மேல் நீடித்தாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோதான் அந்தப் பேச்சே. ஆபரேஷன், பல வாரம் மருந்தெடுத்தும் கேட்காதவர்களுக்கு.

குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கலாம், நீங்கள் தோண்டாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரே பக்கம் அடைத்து இரத்தம் கசிந்தால் காதுமூக்கு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.