எஸ்பிஹெச்சும் நானும்: மூன்று வருடம், ஒரு சுவர்

நுண்துளைப் பாறை வழியே நீர் ஓடுவதைக் கணக்கிட எஸ்பிஹெச் (நீரைச் சிறு துகள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அசைவையும் கணினியில் தொடரும் முறை) எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். மூன்று வருடமாக அதோடுதான் இருக்கிறேன். அவர் கேட்டபோது, நிரலின் சுவர்ப் பகுதியைப் பிரித்துப்போட்டு அப்போதுதான் சரிசெய்து முடித்திருந்தேன். அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

பாறையின் ஸ்கேன் படத்தில் திடப்பொருள் இருக்கும் இடமெல்லாம் அசையாத சுவர்த் துகள்களை நிரப்புகிறோம். நீரின் வேகம் எங்கே பூஜ்யமாக வேண்டும்? கடைசி நீர்த் துகளுக்கும் முதல் சுவர்த் துகளுக்கும் நடுவில். என் நிரலோ சுவர்த் துகளின் வேகத்தைப் பூஜ்யமாக்கியதோடு விட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு பக்கச் சுவரும் அரைத் துகள் பாறைக்குள் தள்ளிப்போய்விட்டது. படத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் நீரின் அளவு இடைவெளியின் மும்மடியைப் (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. ஐந்து துகள் அகலமுள்ள கழுத்து (துளைகளை இணைக்கும் குறுகிய வழி) இப்படி ஆறு துகள் அகலமாகிவிட்டால் ஓட்டம் 73 சதவீதம் கூடிவிடும். இருபது துகள் அகலத்தில் அதே பிழை 16 சதவீதம்தான். பாறை நீரை எவ்வளவு எளிதாக விடும் என்ற ஊடுருவுதிறனைத் தீர்மானிப்பதோ அந்தக் குறுகிய கழுத்துகள்தான்!

எனக்குக் கோபம் வந்தது வேறொரு காரணத்தால். அழுத்தத்தை இரட்டித்தால் ஓட்டமும் இரட்டித்தது. 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி சொன்ன நேர்கோடு பிசகாமல் வந்தது. அதைப் பார்த்துத்தான் மாதக்கணக்கில் நம்பினேன். சுவர் தப்பான இடத்தில் இருந்தாலும் நேர்கோடு வரும். அதன் சாய்வுதான், அதாவது ஊடுருவுதிறன்தான், தப்பாக இருக்கும்.

சரி, துகள்களை நெருக்கமாக வைக்கலாமே என்பீர்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் துகள்கள் 8 மடங்கு. மெதுவான ஓட்டத்தில் பாகுத்தன்மைதான் டைம் ஸ்டெப்பை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவை) கட்டுப்படுத்தும், அது கால்பங்காகிவிடும். மொத்தம் 32 மடங்கு வேலை. ஒரு நாளில் முடிந்த கணக்கு ஒரு மாதம் ஓடும்.

முறையையே குறை சொல்வதும் நியாயமில்லை. 1977-இல் லூசியும், தனியாக கிங்கோல்ட், மோனகன் இருவரும் இதை உருவாக்கியது விண்மீன்களுக்காக. அங்கே சுவர் ஏது? 1997-இல் மோரிஸ், ஃபாக்ஸ், ஜூ மூவரும் இதை மெதுவான ஓட்டத்துக்குக் கொண்டுவந்தபோதே, நடுவில் வேகம் பூஜ்யமாகும்படி சுவர்த் துகளுக்கு எதிர்த்திசையில் ஒரு போலி வேகம் கொடுக்கும் வழியையும் சொல்லிவிட்டார்கள். நான் இப்போது சேர்த்தது அதைத்தான்.

அப்புறம், உலர்ந்த துளைகளில் நீர் ஏறுவதை இதில் பார்க்க வேண்டும். மெஷ் (நிலையான கட்ட வலை) கிடையாது, நீர்முகப்பு தானாகப் பிரியும், தானாகச் சேரும். அகன்ற துளையின் வாயில் வந்ததும் தயங்கி நிற்கும். அதற்குள் பக்கத்துக் குறுகிய வழி நிரம்பிவிடும். ஒருமுறை அடுத்தடுத்து நுழைந்த இரண்டு துகள்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துத் தொடர்ந்தேன். ஒரு பரலின் முனையில் இரண்டும் பிரிந்தன. ஒன்று நேரே வெளியேறியது. மற்றது முட்டுச்சந்து போன்ற ஒரு துளைக்குள் போய், கணக்கு முடியும்வரை அங்கேயே கிடந்தது. எந்த நீர் எவ்வளவு நேரம் தங்கியது என்பதைத் தனியாகக் கணக்கிடவே வேண்டாம். இந்தச் சுகத்தை வேறெந்த முறையிலும் நான் கண்டதில்லை.

ஆனாலும் நண்பருக்கு 'வேண்டாம்' என்றே எழுதினேன். அவருக்கு வேண்டியது ஊடுருவுதிறன் என்ற ஒரே எண். அதற்கு நிலையான கட்டங்களில் நீரைக் கணக்கிடும் லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறை போதும், அதிலும் சுவர் எங்கே என்ற கேள்வி உண்டு என்றாலும். அப்படியும் எஸ்பிஹெச்தான் என்றால், பாறையைத் தொடும் முன் இரண்டு தட்டுகளுக்கு நடுவே 5, 10, 20 துகள் அகலத்தில் நீரை ஓட்டிச் சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒரு மாலை வேலையை நான் செய்யாததால், பழைய கணக்குகளை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.