‘இன் லேர்னிங்’ எங்கே, ‘டு லேர்ன்’ எங்கே? காரைக்குடி வகுப்பிலிருந்து ஓர் அலசல்

காரைக்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கத்து இளைஞர்கள். பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்கு முகப்பையும் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியையும் சுற்றிக்காட்டுவது அவர்கள் வேலை. சென்ற மாதம் ஒரு மாணவி தன் வேலை விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். முதல் வரியில் ‘இன்ட்ரஸ்ட் டு லேர்ன்’ என்று எழுதியிருந்தாள். இரண்டாம் வரியில் ‘எபிலிட்டி ஆஃப் ஸ்பீக்கிங்’. முதலாவது ‘இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங்’ என்று இருக்க வேண்டும், இரண்டாவது ‘எபிலிட்டி டு ஸ்பீக்’. “எந்தச் சொல்லுக்கு எது என்று எப்படி சார் தெரிந்துகொள்வது?” என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது.

ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வினையைச் சேர்க்க ஆங்கிலத்தில் முக்கியமாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ‘இன்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொல்லைப் போட்டு வினைக்கு ‘இங்’ சேர்ப்பது. மற்றொன்று, ‘டு’ போட்டு வினையை அப்படியே விடுவது. எதில் போவது என்பதை முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. பின்னால் வரும் வினைக்கு அதில் பங்கே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் வினையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கற்றுக்கொள்ளும் வழிகளில் பட்டியல் மனப்பாடம் எல்லோருக்கும் பழக்கமானது. ‘ஆஃப்’ வாங்கும் சொற்கள் ஒரு பத்தி, ‘இன்’ வாங்கும் சொற்கள் ஒரு பத்தி, ‘ஃபார்’ ஒரு பத்தி. தேர்வுக்கு இது உதவும். வாசலில் விருந்தினர் நிற்கும்போது உதவாது. பேசுகிறவர் மனத்தில் முதலில் வருவது பெயர்ச்சொல். பட்டியலோ ‘ஆஃப்’ என்ற தலைப்பில் தொடங்குகிறது. தேடும் திசையே தலைகீழாக இருக்கிறது.

தமிழின் வேற்றுமை உருபைத் துணைக்கு அழைப்பது இன்னொரு வழி. பலரும் இதை ஏளனம் செய்வார்கள், தாய்மொழியை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. கற்பதில் ஆர்வம், வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம், விற்பதில் அனுபவம், பழுதுபார்ப்பதில் வெற்றி, பணம் கொடுப்பதில் தாமதம், காத்திருப்பதில் பயனில்லை. இந்த ஆறு தொடர்களிலும் நம் ‘இல்’ உருபு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனால் ஆறிலும் ‘இன்’ வருகிறது: ‘இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங்’, ‘டிஃபிகல்ட்டி இன் ஃபைண்டிங்’, ‘எக்ஸ்பீரியன்ஸ் இன் செல்லிங்’, ‘சக்சஸ் இன் ரிப்பேரிங்’, ‘டிலே இன் பேயிங்’, ‘நோ பாயின்ட் இன் வெயிட்டிங்’. ‘கற்பது’ என்ற தொழிற்பெயரும் ‘லேர்னிங்’ என்ற வடிவமும் ஒரே வேலையைச் செய்கின்றன. வினையைப் பெயராக்கி, அதன் மேல் உறவைக் காட்டும் சொல்லை ஏற்றுகின்றன. நமக்கு உருபு பின்னால் வருகிறது, அவர்களுக்கு முன்னால். அந்த மாணவி ‘படிக்க ஆர்வம்’ என்று நினைத்ததால்தான் ‘டு லேர்ன்’ எழுதினாள். ‘படிப்பதில் ஆர்வம்’ என்று நினைத்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

நான்காம் வேற்றுமையும் ஓரளவு கைகொடுக்கும். தாமதமாக வந்ததற்குக் காரணம் என்றால் ‘ரீசன் ஃபார் கமிங் லேட்’, கதவைப் பூட்டுவதற்கான பொறுப்பு என்றால் ‘ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார் லாக்கிங்’. ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் வந்தால் பெரும்பாலும் ‘டு’: படம் எடுக்க அனுமதி, ஊரைப் பார்க்க ஆசை.

இந்த வழி சறுக்கும் இடம் பெயரெச்சம். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கையாலேயே ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு டைல்ஸ் செய்கிறார்கள். அதை விளக்கும்போது நாம் செய்யும் முறை, செய்யும் பழக்கம், செய்யும் திறன், செய்யும் முடிவு, செய்யும் ஆள் என்று சொல்வோம். ஐந்துக்கும் ஒரே ‘செய்யும்’ போதும். ஆங்கிலம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. முறைக்கும் பழக்கத்துக்கும் ‘ஆஃப் மேக்கிங்’. திறனுக்கும் முடிவுக்கும் ‘டு மேக்’. ஆளுக்கு முன்னிடைச்சொல்லே கிடையாது, ‘த மேன் மேக்கிங் டைல்ஸ்’ அவ்வளவுதான். அந்தக் கடைசி ‘இங்’ தொழிற்பெயர் அன்று. எந்த ஆள் என்று சுட்டுகிற பெயரெச்சம் போன்றது. தமிழ் ஒரே சாவியால் திறக்கும் பூட்டுகளை ஆங்கிலம் மூன்று சாவிகளால் திறக்கிறது. ‘எபிலிட்டி ஆஃப் ஸ்பீக்கிங்’ பிழை பிறப்பது இந்த இடத்தில்தான்.

திறனும் முடிவும் ஏன் ‘டு’ பக்கம் போகின்றன? அவற்றின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ‘ஏபிள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வருகிறது, எனவே ‘எபிலிட்டி’யும் ‘டு’ வாங்குகிறது. ‘டிசைட்’, ‘ரெஃப்யூஸ்’, ‘ப்ராமிஸ்’, ‘அட்டெம்ப்ட்’ ஆகிய வினைகளும் ‘டு’ கேட்பவை. அவற்றின் பெயர்களும் தாய் வீட்டுச் சீரை அப்படியே கொண்டுவருகின்றன. மாணவர்களுக்கு நான் சொல்லும் குறிப்புகளில் அதிகம் பலன் தருவது இதுதான். விலக்கும் உண்டு. ‘ஹோப்’ வினையாக இருக்கும்போது ‘டு’ கேட்கும், பெயரானதும் ‘ஆஃப்’ பக்கம் சாய்ந்து ‘ஹோப் ஆஃப் வின்னிங்’ என்று நிற்கும்.

நான் முதலிடம் கொடுப்பது வேறொரு வழிக்கு. பெயர்ச்சொல்லை அதன் வாலோடு சேர்த்து ஒரே சொல்லாகக் கற்பது. வெறும் ‘ஹேபிட்’ என்று எழுதி வைக்கக்கூடாது, ‘ஹேபிட் ஆஃப் டூயிங்’ என்றே எழுத வேண்டும். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் இந்த வாலைக் காட்டும். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் கற்பித்த காலத்தில் சக ஆசிரியர்களோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. சொல்லுக்குப் பொருள் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் என்ன அமைப்பு வரும் என்பதும் கற்பவருக்குத் தெரிய வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த நூல் அது. ஆங்கிலம் தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொருள் கிடைக்கிறது, வால் கிடைப்பதில்லை.

இரண்டு வாலும் உள்ள சொற்களில்தான் ஒப்பீடு சுவையாகிறது. ‘சான்ஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் நேரத்தில் பல்லவன் ரயிலில் டிக்கெட் கிடைக்குமா என்ற சாத்தியத்தைப் பேசினால் ‘சான்ஸ் ஆஃப் கெட்டிங்’. அந்த ரயிலில் பயணம் செய்ய ஒரு வாய்ப்பு அமைந்தது என்றால் ‘சான்ஸ் டு டிராவல்’. முன்னது கணக்கு, பின்னது கையில் வந்து சேர்ந்த வாய்ப்பு. இரண்டையும் வாய்ப்பு என்றே சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை.

‘ரீசன்’ இன்னும் நுட்பமானது. இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார், தொழில் செய்த பர்மாவிலிருந்து ஏன் திரும்பி வந்தார்கள் என்று விருந்தினர்கள் அடிக்கடி கேட்பார்கள். ‘ரீசன் ஃபார் லீவிங்’ என்று கேட்டால், நடந்து முடிந்த ஒன்றின் காரணத்தைக் கேட்கிறார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததைச் சொல்ல வேண்டும். ‘ரீசன் டு லீவ்’ என்றால் கிளம்புவதற்குத் தேவையான நியாயம். கிளம்பினார்களா இல்லையா என்பது அந்தத் தொடரில் இல்லை. வீட்டை இடித்துத் தேக்குத் தூணை விற்றவரிடம் காரணம் கேட்கும்போதும் இதே வேறுபாடுதான். ‘ஃபார் செல்லிங்’ என்பது பெரும்பாலும் விற்ற பிறகு வரும் கேள்வி. ‘டு செல்’ என்பது விற்கலாமா என்று யோசிக்கும்போது வருவது.

மிக அதிகமாக ஏமாற்றுவது ‘டு’தான். அது சில இடங்களில் முன்னிடைச்சொல்லாகவே நிற்கும். அப்போது பின்னால் ‘இங்’ வந்தாக வேண்டும். ‘ஆப்ஜெக்ஷன் டு செல்லிங்’, ‘ஆல்டர்னேட்டிவ் டு டெமாலிஷிங்’, ‘அப்ரோச் டு டீச்சிங்’. படித்தவர்களே இங்கே ‘டு செல்’ என்று எழுதிவிடுகிறார்கள். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்ந்தன. இந்த வீடுகளைக் காப்பது பற்றி ஆங்கிலத்தில் எழுத விரும்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ‘இடிப்பதற்கு மாற்று’ என்பதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. சோதிக்க எளிய வழி இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் வெறும் பெயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். ‘ஆப்ஜெக்ஷன் டு த சேல்’ நிற்கிறது, ஆகவே ‘இங்’. ‘டிசிஷன் டு த சேல்’ நிற்கவில்லை, ஆகவே வெறும் வினை. ‘கமிட்மென்ட்’ போன்ற சில சொற்கள் இரண்டையும் ஏற்கும்.

‘டிஃபிகல்ட்டி’யில் வரும் ‘இன்’ விருப்பத்துக்கு உரியது. பேச்சில் ‘டிஃபிகல்ட்டி ஃபைண்டிங்’ என்று விட்டுவிடுவார்கள், ‘ட்ரபிள்’ சொல்லுக்குப் பெரும்பாலும் ‘இன்’ சேர்ப்பதே இல்லை. எழுத்தில் ‘இன்’ இருப்பதையே நான் விரும்புகிறேன். ‘டிஃபிகல்ட்டி டு ஃபைண்ட்’ மட்டும் வேண்டாம்.

அந்த மாணவி இப்போது ஒரு நோட்டில் பெயர்ச்சொற்களை வாலோடு எழுதி, பக்கத்தில் தன் வேலையிலிருந்து ஒரு வாக்கியம் சேர்க்கிறாள். நேற்று ‘ப்ளெஷர்’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். ‘ப்ளெஷர் டு மீட்’, ‘ப்ளெஷர் ஆஃப் மீட்டிங்’ இரண்டையும் விருந்தினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். இரண்டும் சரி. திண்ணையில் நின்று வரவேற்கும்போது சொல்வது முதலாவது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, உங்களைச் சந்திக்கும் மகிழ்ச்சி எங்களுக்குக் கிடைத்தது என்று எழுதும் கடிதத்துக்கு இரண்டாவது.