சித்தப்பாவுக்கு இங்கேதான் குடல் ஆஞ்சியோ (குடலுக்குப் போகிற ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுத்தோம் (ஐந்து ரோடு பக்கம், சேலம்)

போன மாதம் சித்தப்பாவை மறுபடி இந்த ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பில் போடும் பெண், "முடிஞ்சா ரெண்டு வரி ரிவ்யூ எழுதுங்கண்ணா" என்றார். இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. 2021 மே மாதமே எழுதியிருக்க வேண்டியது, அப்போது வீட்டில் யாருக்கும் அந்த நிலைமை இல்லை.

சித்தப்பாவுக்கு அப்போது 61 வயது. ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதுதான் பிழைப்பு. கொரோனா வந்து சேலத்தில் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தார். மூச்சு சரியாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த மூன்றாம் நாள் விடியற்காலை வயிற்று வலி என்று சுருண்டுவிட்டார். காட்டு வேலை செய்த உடம்பு, கையில் கத்தி கிழித்தாலே துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிறவர், "தாங்க முடியல கண்ணு" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இல்லை, மெத்தென்றுதான் இருந்தது. முழு ஊரடங்கு, காலி ரோடு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி.

முதலில் போன ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். குடலில் காற்று அதிகம், சரியாகத் தெரியவில்லை என்று எழுதி, கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு உட்கார வைத்தார்கள். அங்கேயே நாலு மணி நேரம் போனது. அந்த நாலு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. குடலுக்கு ரத்தம் சுத்தமாக நின்றுவிட்டால் ஆறு மணி நேரம் வாக்கில் அது அழுக ஆரம்பித்துவிடும் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். வலி உயிர் போகிற மாதிரி இருந்து, வயிறு மட்டும் மெத்தென்று இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதும் அப்புறம்தான் தெரியும். இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் அதைத்தான் சந்தேகப்பட்டார், உடனே இங்கே அனுப்பினார்.

இந்த சென்டரைப் பற்றி நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அன்றைக்கு வாசலில் இருந்த கூட்டம் அத்தனையும் நெஞ்சு ஸ்கேனுக்கு வந்தது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, 25-க்கு எவ்வளவு ஸ்கோர் என்று பார்க்க ஊரே வரிசையில் நின்ற நேரம் அது. ரத்தக்குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்டுகிற மருந்தை ஏற்றாமல் எடுக்கிற பிளெய்ன் ஸ்கேன், உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடலாம். எங்கள் சீட்டிலும் அவசரத்தில் வெறுமனே 'சிடி அப்டமன்' (வயிற்று சிடி) என்றுதான் எழுதியிருந்தது. காலையிலிருந்து எடுத்த மாதிரியே இதையும் எடுத்து அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. டெக்னீஷியன் தம்பி, கவச உடைக்குள் வேர்த்து வடிந்துகொண்டிருந்தவர், சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணா, இதுல வெறும் அப்டமன்னு போட்டிருக்கு. டாக்டர் எதைச் சந்தேகப்படறாங்கன்னு சொன்னாங்களா?" ரத்தக்கட்டு என்றேன். "அப்ப இத ஆஞ்சியோவா எடுக்கணும்ணா. பிளெய்ன்ல குழாய் அடைச்சிருக்கான்னு தெரியாது" என்று சொல்லி, அங்கேயே நின்று சர்ஜனுக்குப் போன் போட்டு மாற்றி எழுதி வாங்கினார். வரிசையில் இருந்தவர்களிடம் அவரே சொல்லி எங்களை முன்னால் விட்டார்.

அப்புறம் கையைப் பார்த்தார். வார்டில் புறங்கையில் நீல வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற ஊசிக்குழாய்) போட்டிருந்தார்கள். அதைத் தொடாமல், முழங்கை மடிப்பில் புதிதாக, நீலத்தைவிடத் தடியான பச்சை வென்ஃப்ளான் போட்டார். ஏன் மறுபடி குத்துகிறீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். இந்த ஸ்கேனுக்கு மருந்தை மெஷின் வைத்து விநாடிக்கு 4 மில்லி வேகத்தில் தள்ள வேண்டும், சின்ன ஊசியில் அந்த வேகம் தாங்காது, மெதுவாகப் போனால் படம் மங்கிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.6 இருந்தது, அந்த மருந்து கிட்னியைக் கெடுத்துவிடுமோ என்று எனக்குப் பெரிய பயம். ரேடியாலஜிஸ்ட் அம்மா (ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர்) வந்து, "கிட்னியை அப்புறம் பாத்துக்கலாம், குடல் போச்சுன்னா ஆளே போயிடுவார்" என்று நேராகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். சாதாரண வயிற்று ஸ்கேனுக்குக் குடிக்கக் கொடுப்பார்களே மருந்துத் தண்ணீர், அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். குடிக்க வைக்க நேரம் ஆகும், அதோடு குடலுக்குள் வெள்ளையாக நிறைந்துவிட்டால் குடல் சுவரில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது கஷ்டம்.

இரண்டு சுற்று எடுத்தார்கள். மருந்து தமனியில் ஓடும்போது ஒன்று, ஒரு நிமிடம் தாண்டி அது சிரைக்கும் குடல் சுவருக்கும் வந்த பிறகு இன்னொன்று. 'மூச்சை அடக்குங்கள்' என்று மெஷினிலேயே ஒரு குரல் வரும், நுரையீரல் அடிபட்ட ஆளுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. அந்தத் தம்பி அதை நிறுத்திவிட்டு மைக்கில் தானே, "அய்யா, இப்ப லேசா இழுங்க, அப்படியே இருங்க, அவ்ளோதான், விட்டுடுங்க" என்று கூடவே பேசினார். மருந்து போகும்போது உடம்புக்குள் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்ததாம், அந்தக் குரல் கேட்டுத்தான் பயப்படாமல் கிடந்தேன் என்று சித்தப்பா இன்னும் சொல்வார்.

பத்தே நிமிடத்தில் அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நடுவில் தடியாக வெள்ளைக் கோடு, அதுதான் மகாதமனி. அதிலிருந்து முன்பக்கமாக ஒரு கிளை கிளம்பிக் கீழே இறங்குகிறது, சிறுகுடல் முழுவதுக்கும் பெருங்குடலில் பாதிக்கும் ரத்தம் கொடுக்கிற குழாய். கொஞ்ச தூரம் பளிச்சென்று வந்த அந்த வெள்ளை, ஒரு இடத்தில் திடீரென்று கறுத்து நின்றுவிட்டது. "இதாங்க ரத்தக்கட்டி." பக்கத்தில் குடல் வளையங்களைக் காட்டினார். ரத்தம் போகிற வளையத்துக்கு வெள்ளை விளிம்பு கட்டியிருக்கிறது, போகாத வளையம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. குடல் சுவருக்குள்ளோ கல்லீரலுக்குப் போகிற சிரையிலோ காற்று தெரிந்தால் நிலைமை ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தமாம், அது இரண்டும் இல்லை, இப்பவே கொண்டுபோங்க என்றார். பிலிம், ரிப்போர்ட் எதற்கும் காத்திருக்க விடவில்லை. படத்தைச் சர்ஜன் போனுக்கே அனுப்பிவிட்டு வாயால் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது தியேட்டர் தயாராக இருந்தது.

ரத்தக்கட்டியை எடுத்தார்கள், 70 சென்டிமீட்டர் சிறுகுடலையும் வெட்ட வேண்டியிருந்தது. சிறுகுடல் மொத்தம் ஆறு மீட்டர் போல நீளம் என்பதால் மிச்சத்தை வைத்து நன்றாகவே சாப்பிடுகிறார்.

கொரோனாவுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நிறைய பேர் கேட்டார்கள். அந்த வைரஸ் ரத்தக்குழாயின் உள் பூச்சைக் கெடுத்து ரத்தம் உறைகிற தன்மையைக் கூட்டிவிடுகிறது, அது பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிற ஏஸ்2 என்ற ஏற்பி சிறுகுடல் செல்களிலும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2020-லேயே 412 கொரோனா நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு எடுத்த 42 வயிற்று சிடியில் 13-ல் குடல் சுவரில் மாற்றம், ஐசியூவில் இருந்தவர்களின் 20 சிடியில் 4-ல் நான் மேலே சொன்ன அந்தக் காற்று. வயிற்றில் ஏதோ பிரச்சினை என்று ஸ்கேன் வரைக்கும் போனவர்களின் கணக்கு இது, கொரோனா வந்த எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று பயந்துவிட வேண்டாம். அப்படியானவர்களுக்குச் சரியான ஸ்கேன் சரியான நேரத்தில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

குறையும் சொல்கிறேன். அன்றைக்கு பில் 8,500 ரூபாய், பணமாகத்தான் வேண்டும் என்று கவுன்டரில் நின்றார்கள், ஏடிஎம் தேடி நான் ஓடினேன். மறுநாள் படங்களைப் போட்டுக் கொடுத்த சிடி டிஸ்க் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை, திரும்ப வந்து மாற்றி வாங்கினோம். போன மாதம் வந்தபோது கார்டு, ஜிபே எல்லாம் வைத்திருக்கிறார்கள், படத்தைப் போனுக்கே லிங்க்காக அனுப்பிவிடுகிறார்கள். காத்திருக்கும் ஹாலில் நாற்காலி இன்னும் போதவில்லை. பைக் நிறுத்த இடம் உண்டு, காருக்கு இல்லை. இந்தத் தடவை எடுத்த ஆஞ்சியோவில் அந்தக் குழாய் அடிவரைக்கும் வெள்ளையாக ஓடியிருந்தது. அதே தம்பிதான் எடுத்தார், தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. சித்தப்பா அவருக்கு அரைக் கிலோ மிளகு கொண்டுவந்திருந்தார், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அப்புறம் வாங்கிக்கொண்டார்.

சென்டர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் அந்த ஐந்து படி இன்னும் அப்படியே இருக்கிறது. அன்றைக்குச் சித்தப்பாவை நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு தூக்கித்தான் ஏற்றினோம், சாய்ந்ததில் அவர் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. பக்கவாட்டில் இடம் இருக்கிறது, ஒரு சாய்வுதளம் போட்டுவிடுங்கள்.