மணிக்கட்டுக் கருவியா, தூக்க நோட்டா?

துணை விமானி வேலை, வீடு கோத்தகிரியில். விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-ல் அறிவித்த விதியால் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமானது. அதனால்தான் மலையேறி வந்துபோக முடிகிறது. என் தூக்கத்தையும் களைப்பையும் கணக்கு வைக்க ஐந்து மாதம் ஆக்டிகிராஃப் என்ற மணிக்கட்டுக் கருவியைக் கட்டினேன். கூடவே நோட்டிலும் எழுதினேன். இப்போது நோட்டு மட்டும்தான்.

கருவி சுகமானது, கட்டினால் போதும். விலைதான் அதிகம். பகலில் கண்ணயர்ந்ததை நான் எழுத மறந்தபோதெல்லாம் அதுதான் காட்டிக்கொடுத்தது. சரி, அதோடு விடலாம்.

ஆனால் அது அளப்பது கை அசைவை. அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று பதிந்துவிடும். போன ஐப்பசியில், இரவு டியூட்டிகள் முடித்து வந்த ஓய்வின் கடைசி இரவு. தகரக் கூரையில் விடாத மழை. பத்து மணிக்குப் படுத்தேன். இரண்டிலிருந்து நாலரை வரை கொட்டக்கொட்ட விழித்திருந்தேன். புரண்டால் கம்பளிக்குள் குளிர் புகும் என்று அப்படியே கிடந்தேன். ஐந்துக்கு எழுந்தால், கருவியில் ஏழு மணி நேரத் தூக்கம். நோட்டில் நாலரை.

அன்று மாலை ஆறுக்குக் கோவையில் ரிப்போர்ட்டிங். போனால் டியூட்டி முடிய இரவு ஒரு மணி ஆகும், அதாவது 20 மணி நேர விழிப்பு. களைப்புக்கு எண் போடும் சாம்-பெரெல்லி அளவில் ஒன்று முழுத் தெளிவு, ஏழு முழுக்க ஓய்ந்துபோன நிலை. நான் ஐந்து போட்டிருந்தேன். களைப்பு, பறக்க முடியாது என்று கம்பெனிக்குப் போன் செய்தபோது, "எப்போ தூங்கினீங்க, எப்போ முழிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நோட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னேன். கருவியை மட்டும் நம்பியிருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டேன். 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் போனார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை இருந்தது. அதை நினைத்தால் இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

நோட்டுக்குப் பராமரிப்பு உண்டு. அன்றன்றே எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் கற்பனைதான். தூங்கிய நேரத்தை எழுந்ததும் குறிக்கிறேன். களைப்பு எண்ணை மட்டும், தூக்கக் கலக்கம் தெளிய அரைமணி விட்டு, டீ குடித்தபின் போடுகிறேன்.

ஆராய்ச்சி செய்பவர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். கருவியின் பதிவை நோட்டோடு ஒப்பிட்டுத்தான் படிப்பார்கள். நான் பறப்பது உள்நாட்டில் மட்டும். ஐரோப்பா போய் வருபவர்களுக்கு எது சரிப்படும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை. அந்தத் தடத்தில் பறக்கும் குன்னூர் அக்கா ஒருவர் கருவியைக் கழற்றுவதே இல்லை.