செத்துப்போன பழைய சோலார் பேனல்: ரிப்பேரா, புதுசா?

பழைய பேனல் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஆம்பியர் பூஜ்யத்திலேயே நின்றால் மூன்று வழி இருக்கிறது. அதையே பிரித்துச் சரிசெய்யலாம், புதுசு வாங்கலாம், இல்லை இன்னொரு பழையதைத் தேடலாம். நான் முதல் வழியில் போனவன், இன்றும் அந்தக் கட்சிதான். ஆனால் எல்லாப் பேனலுக்கும் அது சரிவராது. பழுது கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா என்பதைப் பொறுத்தது அது.

முதலில் குற்றவாளி பேனல்தானா என்று உறுதிசெய்யுங்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் கன்ட்ரோலரே மின்சாரத்தைக் குறைத்துவிடும். பேட்டரி இணைக்காவிட்டால் பல கன்ட்ரோலர்கள் வேலையே தொடங்காது. அதனால் பேனலைத் தனியாகக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள்.

வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு “பேனல் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வது பலருக்கும் வழக்கம். 36 செல் பேனலில் 21 வோல்ட், 60 செல் பேனலில் 37 வோல்ட் சுமாராகக் காட்டும். மேகமூட்டத்தில்கூடப் பெரிதாக இறங்காது. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால், துருவேறி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற இணைப்பிலும் முழு வோல்ட் தெரியும். ஆம்பியரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பேனலைத் தடித்த துணியால் மூடி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் டிசி பகுதிக்கு மாற்றி, மீட்டரின் இரண்டு முனையையும் பேனலின் பிளஸ், மைனஸில் நேரடியாக இணைத்த பிறகு துணியை எடுங்கள். நல்ல உச்சி வெயிலில், பின்பக்க லேபிளில் Isc என்று உள்ள ஷார்ட் சர்க்யூட் ஆம்பியரை நெருங்கி வர வேண்டும். பார்த்து முடித்ததும் மறுபடி மூடிவிட்டுத்தான் ஒயரைப் பிரிக்க வேண்டும். வெயிலில் பிரித்தால் டிசி பொறி பறக்கும். புது ரகப் பெரிய பேனல்கள் 13 ஆம்பியருக்கு மேலும் தரும். அவற்றுக்கு ஒயரைச் சுற்றிப் பிடித்து டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ரிப்பேர் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் பேனலின் அமைப்பு. 60 செல் பேனல் என்றால் 20 செல்லாக மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு பைபாஸ் டையோடு. உள்ளே ஒரு பகுதி அறுந்தாலும் மின்சாரம் அதன் டையோடு வழியாகச் சுற்றிப் போய்விடும்; மீதி இரண்டு பகுதியும் வேலை செய்யும், வோல்ட் 25-க்கு இறங்கும். அப்படியானால் ஒரு பேனல் ஒன்றுமே தராமல் கிடக்கிறது என்றால், மூன்று பகுதியும் ஒரே சமயத்தில் உள்ளே அறுந்திருப்பது அபூர்வம். மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஓரிடத்தில்தான் கோளாறு இருக்கும்: கனெக்டர், ஒயர், பின்பக்கத்தில் உள்ள ஒயர் பெட்டியான ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஒயர் சேருமிடம். இல்லாவிட்டால் யாரோ பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்து எல்லா டையோடையும் எரித்திருப்பார்கள். இதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே உள்ள வேலை. அரைகுறையாக ஓடும் பேனலைவிட அடியோடு படுத்த பேனல்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பெரும்பாலும் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒயரும் டையோடும் சேரும் தகடு பச்சை பூத்திருக்கும், இல்லை டையோடைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருக்கும். தெரியாவிட்டால், பேனலை மூடி டையோடுகளின் ஒரு காலைக் கழற்றிவிட்டு, பிறகு வெயிலில் அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே வோல்ட் பாருங்கள். மூன்றிலும் 12 வோல்ட் சுமாராக வந்தால் செல்களின் தொடர் அறுபடவில்லை. எரிந்த டையோடுக்குப் பதில் 15 ஆம்பியர், 45 வோல்ட் ஷாட்கி டையோடு போடலாம். ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் மாற்றிவிடுவேன். தகட்டைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, வாட் அதிகமுள்ள சால்டரிங் அயர்னால் பற்றவையுங்கள். மூடும்போது வினிகர் வாசம் வரும் சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்குங்கள்.

ஏதாவது ஒரு பகுதியில் 12 வோல்ட் வராவிட்டால் அறுந்தது உள்ளே. பின்பக்கத் தாளை வெட்டி, செல்களை இணைக்கும் ரிப்பனை ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அனுபவம் குறைவு, பரிந்துரைக்கவும் மாட்டேன். அந்தத் தாள் வெடித்திருந்தாலோ, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினாலோ, கண்ணாடி வழியே கருகல் தெரிந்தாலோ டையோடு மாற்றிப் பயனில்லை. பல பேனல்களைத் தொடராக இணைத்து நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் இடத்தில் அப்படிப்பட்டதை மாட்டவே கூடாது. நான் சொல்வதெல்லாம் சிலிக்கான் செல் பேனலுக்கு. மெல்லிய படலப் பேனலைப் பிரித்துப் பார்த்ததில்லை.

புதுப் பேனலின் நன்மைகள் தெரிந்தவைதான்: உத்தரவாதம், அதே இடத்தில் கூடுதல் வாட். தனிப் பேனலாக ஓட்டுவதென்றால் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே 8 ஆம்பியர் பேனல்கள் தொடரில் இருக்கும்போது நடுவில் 13 ஆம்பியர் பேனலைச் சேர்த்தால், அதுவும் 8-ஐ ஒட்டித்தான் தரும். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்க இணைப்பாகச் சேர்ப்பதானால் வோல்ட் ஒத்துப்போக வேண்டும். அளவும் மாறியிருப்பதால் ஸ்டாண்டில் துளை வேறு புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு பழைய பேனல் வாங்குவதானால், ஆம்பியர் ஒத்துப்போகும் ரகம் கிடைக்கும் என்பது ஒன்றுதான் லாபம். லேபிள் அழிந்ததை எடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே வெயிலில் வைத்து ஆம்பியர் அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் மட்டும் காட்டினால் வாங்காதீர்கள்.